போட்டி நீச்சலில் பயிற்சிச் சுமை, மன அழுத்தம், தேறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளக்கரையில் காத்திருக்கும் பெற்றோரும், துண்டைப் போர்த்திக்கொண்டு நீரிலிருந்து ஏறி வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மாவட்ட, மாநில, தேசியப் போட்டிகளுக்குத் தயாராகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இப்போதுதான் நீச்சல் பழகும் சிறுவர்களுக்கு இதில் பெரும்பகுதி தேவைப்படாது.

பயிற்சிச் சுமை என்றால் எத்தனை கிலோமீட்டர் நீந்தினோம் என்பதுதானே?

தூரம் அதில் ஒரு பாதி. இரண்டு பேர் ஆளுக்கு 5 கிலோமீட்டர் நீந்தலாம். ஒருவர் நிதானமாக, சுவரைத் தொடும்போது பக்கத்து லேனில் இருப்பவரோடு பேசும் அளவுக்கு மூச்சு மிச்சம் வைத்து நீந்தியிருப்பார். இன்னொருவர் பட்டர்ஃப்ளையில் (இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் வகை) 100 மீட்டர் செட்டுகளைப் பத்து பத்து நொடி ஓய்வில் அடித்து முடித்திருப்பார். நோட்டில் இரண்டும் 5 கிலோமீட்டர்தான். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல.

இதை எண்ணாக்க அமெரிக்க உடலியல் ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் ஒரு எளிய வழி சொன்னார். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "இன்றைக்கு மொத்தத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று கேட்டு 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 120 நிமிடம், கடினம் 4 என்றால் சுமை 480. 75 நிமிடம், கடினம் 8 என்றால் 600. நேரம் குறைவாக இருந்தும் இரண்டாவது நாள்தான் பாரமான நாள். தரையில் செய்யும் உடற்பயிற்சியையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஃபாஸ்டர் இன்னொன்றையும் கவனித்தார். வாரத்தின் மொத்தச் சுமை மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதும் சாய்க்கிறது. தினமும் 500, 500, 500 என்று போவதைவிட 800, 250, 750, 200 என்று ஏறி இறங்குவதை உடம்பு நன்றாகத் தாங்கும். லேசான நாள் உண்மையிலேயே லேசாக இருக்க வேண்டும். நம் ஊர்க் குளங்களில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். லேசான நாளில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் துரத்தி, அதையும் பாரமான நாளாக்கிவிடுகிறார்கள்.

பந்தயம் ஒரு நிமிடத்தில் முடிகிறது. அதற்கு எதற்கு தினமும் 6, 8 கிலோமீட்டர்?

நியாயமான கேள்வி. நீர் உடல் எடையைத் தாங்குவதால் ஓட்டக்காரருக்கு முழங்காலில் விழும் அடி நீச்சலில் இல்லை. அதனால் நீண்ட நேரம் பயிற்சி செய்ய முடிகிறது. முடிகிறது என்பதாலேயே செய்துகொண்டும் இருக்கிறோம்.

இதை நேரடியாகச் சோதித்தவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேவிட் காஸ்டில். 1991-இல் வெளியான ஆய்வு அது. கல்லூரி நீச்சல் வீரர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஆறு வாரம் காலையும் மாலையும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு ஒரு வேளை மட்டும். சீசன் முடிவில் இரு குழுவின் பந்தய நேரத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு வேளை நீந்தியவர்களுக்கு அந்த ஆறு வாரத்தில் குறுந்தூர வேகம் குறையவும் செய்தது.

இதை வைத்து எல்லாப் பயிற்சியையும் பாதியாக வெட்டிவிடச் சொல்லவில்லை. 1500 மீட்டர் நீந்துகிறவருக்கும், இன்னும் நுட்பம் படியாத பிள்ளைக்கும் நீரில் கழிக்கும் நேரம் தேவை. ஆனால் "நேரம் முன்னேறவில்லை, இன்னொரு வேளை சேர்ப்போம்" என்பது முதல் மருந்தாக இருக்கக் கூடாது.

சுமை கூடினால் உடம்பு வலிப்பது சரி. பிள்ளை ஏன் எரிந்து விழுகிறாள்?

ஏனென்றால் சுமை மனதிலும் ஏறுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மார்கனும் அவருடைய குழுவும் பத்து ஆண்டுகளாக, ஏறத்தாழ 400 நீச்சல் வீரர், வீராங்கனைகளை சீசன்தோறும் கவனித்தார்கள். 1987-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பதற்றம், சோர்ந்த மனம், கோபம், உற்சாகம், களைப்பு, குழப்பம் என்று ஆறு விஷயங்களை அளக்கும் ஒரு மனநிலைக் கேள்வித்தாளைத்தான் பயன்படுத்தினார்கள்.

சீசன் தொடக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் வீரர்களுக்கு உற்சாகம் மட்டும் உயர்ந்து நிற்கும், மற்ற ஐந்தும் தாழ்ந்திருக்கும். வரைபடமாகப் போட்டால் நீருக்கு மேலே தலை நீட்டும் பனிப்பாறை போல இருப்பதால் அதையே பெயராக வைத்தார் மார்கன். தூரம் கூடக் கூட அந்தப் பாறை படிப்படியாகத் தட்டையானது. சிலருக்குத் தலைகீழாகவே ஆனது. போட்டிக்கு முன் சுமையைக் குறைத்ததும் பெரும்பாலோருக்குப் பழைய வடிவம் திரும்பியது.

ஆகவே கடும் பயிற்சி நடக்கும் வாரங்களில் பிள்ளை சிடுசிடுப்பதும், காரணம் இல்லாமல் கண் கலங்குவதும் "திமிர்" அல்ல. அதற்காகத் திட்டாதீர்கள். சுமை குறைந்த பிறகும் அது நீடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீடித்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒரே பயிற்சியில் ஒருவன் நன்றாக இருக்கிறான், இன்னொருவன் துவண்டுபோகிறான். மன உறுதி இல்லையா?

இதற்கும் காஸ்டிலிடமே பதில் இருக்கிறது. 1988-இல் வந்த ஆய்வில் 12 கல்லூரி வீரர்களின் தினசரித் தூரத்தைப் பத்து நாளைக்கு இரட்டிப்பாக்கினார்: 4,266 மீட்டரிலிருந்து 8,970 மீட்டருக்கு. வேகத்தைக் குறைக்கவில்லை. எட்டுப் பேர் தாக்குப்பிடித்தார்கள். நான்கு பேரால் முடியவில்லை, வேகத்தைக் குறைத்துத்தான் நீந்த முடிந்தது.

அந்த நான்கு பேரின் தசையில் கிளைக்கோஜன், அதாவது தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்து, குறைந்து போயிருந்தது. அவர்கள் சாப்பிட்ட மாவுச்சத்து, செய்த வேலைக்குப் போதவில்லை. விஷயம் தட்டில் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது மன உறுதிக் குறைவாகத் தெரிந்திருக்கும்.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் குளம். ஏழரைக்கு ஆட்டோவிலோ வேனிலோ உட்கார்ந்து நான்கு இட்லி, பள்ளி. நான்கு இட்லியில் கிடைப்பது 40 கிராம் மாவுச்சத்து அளவுக்குத்தான். 50 கிலோ எடையுள்ள பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் கடுமையாக நீந்தினால் ஒரு நாளைக்கு 300 கிராமாவது வேண்டும். குளத்துக்குப் போகுமுன் ஒரு வாழைப்பழம், ஏறியதும் உடனே ஏதாவது, பிறகு வயிறாரக் காலை உணவு, 11 மணி இடைவேளைக்கு ஒரு டப்பா. சுண்டலோ முட்டையோ பாலோ கூட இருந்தால் தசை பழுதுபார்க்கப் புரதமும் கிடைத்துவிடும். "அரிசி சாப்பிட்டால் குண்டாகிவிடும்" என்ற பேச்சை நீச்சல் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

காலை நாலரைக்கு எழுந்தால்தான் ஒழுக்கம் வரும் என்கிறார்களே?

தூக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஏழு ஆஸ்திரேலிய நீச்சல் வீரர்களின் தூக்கத்தை சார்லி சார்ஜன்ட் குழுவினர் இரண்டு வாரம் அளந்தார்கள். பயிற்சி காலை ஆறு மணிக்குத் தொடங்கும். பயிற்சி நாளுக்கு முந்தைய இரவு அவர்கள் தூங்கியது சராசரியாக 5.4 மணி நேரம். ஓய்வு நாளுக்கு முந்தைய இரவு 7.1 மணி நேரம். உலகத்தரமான வசதிகளோடு, நீச்சலே முழுநேர வேலையாக இருந்தவர்களின் கதி இது.

பதின்வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. "ஒன்பதரைக்குப் படு" என்றால் படுப்பாள், தூக்கம் வராது. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரவு எட்டரை வரை டியூஷன், பத்தரைக்குச் சாப்பாடும் வீட்டுப்பாடமும், நாலரைக்கு அலாரம் என்றால் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. இந்தக் கணக்கை எந்த மசாஜும் எந்தப் புரதப் பவுடரும் சரிக்கட்டாது.

என்ன செய்யலாம்? வாரத்தில் ஆறு காலைகளுக்குப் பதில் மூன்று அல்லது நான்கு காலைகள் போதுமா என்று கோச்சிடம் கேளுங்கள். குளம் கிடைக்கும் நேரம் அவர் கையில் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் கேளுங்கள். மதியம் 20, 30 நிமிடத் தூக்கத்துக்கு இடம் இருந்தால் விடாதீர்கள். ஞாயிறு காலை பிள்ளையை எழுப்பாதீர்கள், உறவினர் வீட்டு விசேஷம் இருந்தாலும்.

பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வு நேரத்தில் பயிற்சியை அப்படியே தொடரலாமா?

தொடரலாம், அப்படியே அல்ல. தேர்வுப் பயத்தையும் 200 மீட்டர் செட்டையும் சமாளிக்க உடம்பு தனித்தனிக் கணக்கு வைத்திருப்பதில்லை. ஜெர்மானிய விளையாட்டு உளவியலாளர் மைக்கேல் கெல்மன், வொல்ஃப்காங் காலஸுடன் சேர்ந்து உருவாக்கிய கேள்வித்தாள் இதைத்தான் அடிப்படையாகக் கொண்டது. கடந்த மூன்று பகல், மூன்று இரவுகளைப் பற்றிக் கேட்கிறது. பயிற்சிக் களைப்பு, காயம் மட்டுமின்றி வீட்டுச் சண்டை, நண்பர்கள், தூக்கம், சிரித்தது எப்போது என்று எல்லாம் வரும். அழுத்தம் எந்த வாசல் வழியாக வந்தாலும், தேறுவதற்கான தேவை அதற்கேற்பக் கூடும் என்பது கெல்மனின் கருத்து. அழுத்தம் மிகவும் கூடிவிட்டால் தேறுவதற்கான நேரத்தையே அது தின்றுவிடும். அங்கேதான் ஆபத்து.

தேர்வு மாதத்தில் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம், கொஞ்சம் வேகமான நீச்சலும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக நிறுத்துவதைவிட இது நல்லது. நீரில் இருக்கும் ஒரு மணி நேரம் பல பிள்ளைகளுக்குத் தேர்வுப் பயத்திலிருந்து கிடைக்கும் ஒரே விடுதலை. அதைத் தண்டனையாகப் பிடுங்காதீர்கள்.

சாதாரணக் களைப்பா, எல்லை மீறிவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எவ்வளவு நாளில் தேறுகிறார் என்பதை வைத்துத்தான். 2013-இல் ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு அறிவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. சில நாள், ஓரிரு வார ஓய்வில் தேறி முன்னைவிட வேகமாக நீந்தினால், அது திட்டமிட்டு ஏற்றிய சுமை, பயனுள்ளது. வாரங்கள், மாதங்கள் ஆகியும் நேரம் திரும்பவில்லை என்றால் அது பயனற்ற மிகைச் சுமை. இன்னும் நீண்டு, வேறு எந்த நோயும் காரணமில்லை என்று உறுதியான பிறகே "மிகைப்பயிற்சி நோய்க்கூறு" என்ற பெயரைப் பயன்படுத்துகிறார்கள். அதைக் காட்டும் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

"வேறு எந்த நோயும் இல்லை" என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நேரம் தொடர்ந்து சரியும் வீராங்கனைக்கு முதலில் ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பாருங்கள். தைராய்டு, அண்மையில் வந்துபோன டெங்கு, வைரஸ் காய்ச்சல் இவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா? மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலுக்கு டெஸ்ட் எடுக்கலாமா?

காசு இருந்தால் வாட்ச் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அதைவிட நன்றாக வேலை செய்வது ஒரு ரூல்டு நோட்டு. 2016-இல் அன்னா சா என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் குழுவினரும் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சுமை ஏறி இறங்குவதை, ரத்தம், இதயத் துடிப்பு போன்ற அளவீடுகளைவிட வீரர் தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான் நுட்பமாகவும் சீராகவும் காட்டியது.

அதே ஆஸ்திரேலியாவில் 1990-களிலேயே சூ ஹூப்பரும் லாரல் மக்கின்னனும் உயர்மட்ட நீச்சல் வீரர்களிடம் நான்கே கேள்விகளைப் பயன்படுத்தினார்கள். தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு, மன அழுத்தம் எவ்வளவு, தசைவலி எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஒரு எண். காலையில் எழுந்ததும் அரை நிமிடத்தில் எழுதிவிடலாம். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பிள்ளையின் வழக்கமான எண்ணைவிட நான்கைந்து நாள் தொடர்ந்து மோசமாக இருந்தால் சுமையைக் குறைக்க வேண்டிய நேரம்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த எண்ணை வைத்துப் பிள்ளையைத் திட்டவோ, ரிலே அணியிலிருந்து எடுக்கவோ கூடாது. ஒரு தடவை அப்படி நடந்தால் போதும், அடுத்த நாளிலிருந்து எல்லாரும் "நன்றாக இருக்கிறேன்" என்றே எழுதுவார்கள்.

அடிக்கடி சளி பிடிக்கிறது. குளத்து நீர் காரணமா, பயிற்சிச் சுமை காரணமா?

இரண்டும் இருக்கலாம். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் நீச்சல் வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில், நீண்ட சீசனில் எச்சிலில் உள்ள ஐஜிஏ என்ற நோய் எதிர்ப்புப் புரதம் குறைந்ததும், அது குறைவாக இருந்தவர்களுக்கு மூச்சுப்பாதைத் தொற்று அதிகம் வந்ததும் தெரிந்தது. மூடிய குளங்களில் குளோரினும் வியர்வையும் சேர்ந்து உருவாகும் வாயுவும் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். காய்ச்சல் இருந்தால் நீருக்குள் இறங்கவே கூடாது.

தோள் வலியோடு நீந்தலாமா?

ஒரு கணக்குப் போடுவோம். 50 மீட்டருக்கு 36 கைவீச்சு என்றால் 6 கிலோமீட்டருக்கு 4,320. ஒரு தோளுக்கு ஒரு நாளில் 2,160 சுழற்சி. இதில் களைத்த தசையோடு சுற்றும் கடைசி ஆயிரத்தில்தான் நுட்பம் குலைந்து தோள் உரசத் தொடங்கும். பயிற்சி முடிந்தும் வலிக்கிறது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் கழுத்துக் காயத்தால் நெடுநாள் அவதிப்பட்டவர். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். எல்லை 1:56.48. காயத்துக்குக் கொடுத்த நேரம் வீணாகப் போகவில்லை.

அமெரிக்க நீச்சல் நட்சத்திரம் மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஞாயிறுகூட விடாமல் நீந்தினாரே?

நீந்தினார். கோச் பாப் போமனும் அவரும் பல ஆண்டுகள் ஒரு நாளும் விடவில்லை என்பது பிரபலமான கதை. ஆனால் அவருக்கு வேறு வேலை இல்லை, மதியம் தூங்கினார், மலைபோலச் சாப்பிட்டார். ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்த பிறகும் கடுமையான மனச்சோர்வில் விழுந்ததாக 2018-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே பயிற்சியில் இடையில் உடைந்து நீச்சலை விட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒருவருடைய கதையை மட்டும் அட்டவணையாக எடுத்துக்கொள்ள முடியாது.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு கோச் பயிற்சியைக் குறைத்துவிட்டார். பயமாக இருக்கிறது.

அதுதான் டேப்பர். பயப்படாதீர்கள், கோச் சரியாகச் செய்கிறார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் லோரான் போஸ்கே குழுவினர் கண்டது: ஏறத்தாழ இரண்டு வாரம், தூரத்தை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தையும் எத்தனை நாள் நீந்துகிறோம் என்பதையும் மாற்றாமல் வைத்தால் அதிகப் பலன் கிடைக்கிறது.

எவ்வளவு பலன்? 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் இனிகோ முகிகா குழுவினர் 99 பந்தய நேரங்களை ஒப்பிட்டார்கள். கடைசி மூன்று வாரத்தில் சராசரி முன்னேற்றம் 2.18 சதவீதம். 2 நிமிடப் பந்தயத்தில் இது சுமார் 2.6 நொடி. சிட்னியில் தங்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே இருந்த வித்தியாசமே 1.62 சதவீதம்தான். பல மாத உழைப்பு களைப்புக்கு அடியில் மறைந்து கிடக்கிறது, களைப்பு வடிந்ததும் மேலே வருகிறது.

டேப்பரில் சில பிள்ளைகளுக்குக் கை கால் கனமாக, நீரே ஒட்டாதது போல இருக்கும். தூக்கம் கலையும், பரபரப்பாக இருக்கும். இது வழக்கமானது. அந்த நேரத்தில் "கொஞ்சம் எக்ஸ்ட்ரா போடு" என்று தனியாகக் குளத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்.

மகளுக்கு நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. கடுமையாகப் பயிற்சி செய்தால் இப்படித்தான் என்கிறார்கள்.

இல்லை. இது இயல்பு அல்ல. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது உடம்பு முதலில் நிறுத்தும் வேலைகளில் ஒன்று இது. எலும்பும் எதிர்ப்புச் சக்தியும் மனநிலையும் கூடவே பாதிக்கும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 முதல் இந்த ஆற்றல் பற்றாக்குறையைத் தனி நோய்நிலையாகவே எச்சரித்துவருகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் வரும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். மூன்று மாதம் தவறினால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கோச் ஆணாக இருந்து மகள் சொல்லக் கூச்சப்பட்டால் அம்மா பேசலாம், அல்லது ஒரு பெண் பயிற்சியாளர் வழியாகச் சொல்லலாம்.

"நீச்சலே வேண்டாம்" என்கிறான். இத்தனை வருட உழைப்பு வீணாகிவிடாதா?

முதலில் அவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். 2022 ஜூனில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் தங்கம் வென்றுகொண்டிருந்த அமெரிக்க வீரர் கேலெப் டிரெஸ்ஸல் பாதியிலேயே விலகி மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்தார். 2023-இல் பிரிட்டன் வீரர் ஆடம் பீட்டி மனநலத்தைக் காரணம் சொல்லி பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகினார். இருவரும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீந்தினார்கள். பீட்டி 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் 0.02 நொடியில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளி வென்றார்.

இரண்டு மூன்று வாரம் விடுப்புக் கொடுங்கள். அந்த நாட்களில் நீச்சலைப் பற்றி வீட்டில் பேச்சு எடுக்க வேண்டாம். கோச்சிடம் "உடம்பு சரியில்லை" என்று பொய் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள், பெரும்பாலான கோச்சுகள் புரிந்துகொள்வார்கள். அவனே திரும்பி வருகிறேன் என்றால் முதல் வாரம் பாதிச் சுமை, கடிகாரம் வைத்து நேரம் பார்க்க வேண்டாம். சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னாலும், விடுப்பு முடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.